அம்மாவின் புதன்கிழமைகள்

நான் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் மொத்தம் நாற்பத்து மூன்று வரி. அதை எழுதி முடித்த சனிக்கிழமை மத்தியானம் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

கணக்கு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி அனுப்பும் ஓர் அலுவலகத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். லாரி எடைமேடையில் ஏறும்போது ஒரு சீட்டு, இறங்கும்போது ஒரு சீட்டு. அவற்றையெல்லாம் உட்கார்ந்து தட்டி ஏற்றிக்கொண்டிருந்த வேலையை, வீடியோக்களைப் பார்த்து நானே ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டு ஒரு நிமிஷ வேலையாக்கினேன். வழியில் கொஞ்சம் கரியை இறக்கிவிட்டு, தண்ணீர் தெளித்து எடையைச் சரிக்கட்டும் லாரியை, எண்களை வைத்தே பிடித்துவிடுவேன். எங்கே என்ன தப்பு நடந்தாலும் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டிலும் அப்படித்தான். கணவருக்கு வளைகுடாவில் வேலை. கோட்டுச்சேரியில் அப்பா கட்டிய வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் அரசாங்க வேலையில் இருந்தவர் என்பதால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. செலவுகளைப் பார்க்க ஒரு செயலி வைத்திருக்கிறேன். வங்கிக் கணக்கை அதில் இணைத்துவிட்டால் எந்தக் கடையில் எவ்வளவு போனது என்று அதுவே வகை பிரித்துக் காட்டும். முதலில் என் கணக்கை மட்டும்தான் இணைத்திருந்தேன். பிறகு அம்மாவுடையதையும் இணைத்தேன்.

அதை இணைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். போனில் ஓர் எண் வந்திருக்கும், படி என்றேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கணக்குக்கு உரியவர் இதை அறிந்து சம்மதிக்கிறாரா என்று செயலி கேட்டது. நான் ஆம் என்று தட்டினேன்.

ஸ்கிரிப்ட் எழுத வேண்டி வந்தது மாடிக் கூரையால். உப்புக் காற்றில் ஓதம் ஏறி, காரை பெயர்ந்து, கம்பி தெரிய ஆரம்பித்திருந்தது. திருப்பூரில் இருக்கும் தம்பி பாதிச் செலவு தருவதாகச் சொன்னான். வீட்டு வரவு செலவு முழுவதையும் அவன் முன்னால் விரித்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவன் கேட்கவில்லை, எனக்குத்தான் ஆசை. செயலியோ மூன்று மாதத்துக்கு மேல் திரையில் காட்டாது. பழையது வேண்டுமென்றால் அவர்கள் தரும் நீளமான ரகசியச் சாவியை வைத்து நாமே ஸ்கிரிப்ட் எழுதி இழுத்துக்கொள்ளலாம்.

முதல் தடவை ஓட்டியபோது ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்து விழுந்தது. நூறு நூறாகத்தான் கொடுப்பார்கள், அடுத்த நூறு எங்கே தொடங்குகிறது என்பதை நாம் சொல்ல வேண்டும் என்று பிறகு புரிந்தது. அதைச் சரிசெய்தால் சில பரிவர்த்தனைகள் இரண்டு தடவை வந்தன. அதையும் களைந்தேன். மூன்றாம் தடவை இரண்டு வருஷத்துப் பணமும் வரிசையாக வந்து இறங்கியது. தலைகால் புரியவில்லை எனக்கு. யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பெயர்வாரியாகக் கூட்டச் சொன்னேன்.

என் கணக்கில் விசேஷமாக ஒன்றுமில்லை. அம்மாவின் கணக்கில் மருந்துக்கடை, பால், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆண் பெயர் நின்றது. எனக்குத் தெரியாத பெயர். எங்கள் உறவிலும் தெருவிலும் அப்படி யாரும் கிடையாது.

அந்தப் பெயரை மட்டும் தனியாக எடுத்தேன். நூற்றைம்பது, இருநூறு, நூற்றிருபது என்று சின்னச் சின்னத் தொகை. எல்லாம் புதன்கிழமை. எல்லாம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணிக்குள். அம்மா புதன்கிழமை தோறும் பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் பெருமாள் கோயிலுக்குப் போவாள். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் திரும்பி வந்து, குளித்து, விளக்கேற்றியிருப்பாள். கோயில் உச்சிக்கால பூஜை முடிந்து பன்னிரண்டு மணிக்கெல்லாம் சாத்திவிடுவார்கள். அப்படியானால் அதற்குப் பிறகு அவள் எங்கே போகிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகுதான் பெரிய தடயம் கிடைத்தது. போன வருஷமும் இந்த வருஷமும் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை தொகை திடீரென்று ஐந்நூறு ஆகியிருந்தது. வாரம் தவறாமல் ஐந்நூறு. ஜூன் பாதிக்குப் பிறகு பழையபடி நூற்றைம்பது, இருநூறு. யாரோ அம்மாவை ஏமாற்றுகிறான், நடுவில் மிரட்டிக் கூடுதலாகக் கறக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். இன்னொரு நினைப்பும் வந்தது. அறுபத்திரண்டு வயது விதவை, தெரியாத ஆண் பெயர், மத்தியானம். அது என் மனதில் ஒரு நிமிஷமாவது நின்றது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் அப்புறம் எழுதுவதில் அர்த்தமில்லை.

அம்மாவிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் தோசைக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் தம்பிக்குப் போன் போட்டு, கூரை விஷயம் இருக்கட்டும், வேறொன்று இருக்கிறது, மறுநாளே கிளம்பி வா என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தான். மார்க்கெட்டுக்குப் போய்க் கொடுவா மீன் வாங்கி வந்திருந்தேன். அம்மா குழம்பு வைத்து, துண்டு வறுத்து, எங்கள் இருவருக்கும் பரிமாறினாள். எங்களுக்குப் பிறகு அவள் ரசமும் அப்பளமும் போட்டுச் சாப்பிட்டாள். அப்பா போனதிலிருந்து அம்மா மீனை வாயில் வைப்பதில்லை. எங்கள் வகையில் அப்படிக் கட்டாயம் ஒன்றும் இல்லை. விடுகிறவர்கள் விடுவார்கள், சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுவார்கள். அம்மா விட்டவள் என்பதில் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் சாப்பாட்டு மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அம்மாவையும் உட்காரச் சொன்னேன். எடைமேடைக் குளறுபடியை மேனேஜரிடம் விளக்குகிற அதே குரலில் தேதி, நேரம், தொகை என்று படித்தேன். கோயில் நடை சாத்தும் நேரத்தையும் சொன்னேன். ஐந்நூறு ரூபாய் மாதங்களை மஞ்சள் நிறம் போட்டு வைத்திருந்தேன். கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லி, யார் இவன் என்று கேட்டேன்.

அம்மா மேஜை விரிப்பில் விழுந்திருந்த ஒரு சோற்றுப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு துள்ளல். எங்களிடம் சொல்லக் கூடாத விஷயமா என்று தம்பி தன்மையாகக் கேட்டான். அம்மா அந்தப் பருக்கையைத் தட்டு ஓரத்தில் வைத்தாள்.

பரிவர்த்தனையில் பெயருக்குப் பக்கத்தில் பத்து இலக்க போன் எண்ணும் இருந்தது. என் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்காமல் போகலாம் என்று அம்மாவின் போனை எடுத்தேன். அம்மா எண்களுக்குப் பெயர் போட்டு வைப்பதில்லை, கடைசி நான்கு இலக்கத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்வாள். எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா முதல் தடவையாகக் கை நீட்டி, வேண்டாம்மா என்றாள். நான் போனை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பெண் குரல். நாங்கள் பேசுவதற்கு முன்னாலேயே அது பேச ஆரம்பித்துவிட்டது.

“என்னக்கா, புதன்கிழமை வரலன்னு சொல்லப் போறீங்களா? சுறாவுக்குச் சொல்லி வச்சிருக்கேன்க்கா. புட்டுன்னா உங்களுக்கு உசுராச்சே. சோறு ஆறிப் போவாம நேரத்தோட வந்துருங்க.”

எனக்கு அந்தக் குரல் தெரியும். எங்கள் தெருவுக்குப் பல வருஷம் கூடை சுமந்து வந்த மீன்காரம்மா. பக்கத்து மீனவ ஊரான கருக்களாச்சேரிக்காரர். அப்பா இறந்த பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வருவது நின்றுபோனது. ஏன் வருவதில்லை என்று நான் யோசித்ததே இல்லை. அந்த ஆண் பெயர் அவருடைய மூத்த மகனுடையது என்றும், கூடை மூடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் பணம் போவது அவன் கணக்குக்கு என்றும், அந்த எண்ணுள்ள போன் இவர் கையில்தான் இருக்கும் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன்.

அம்மா போனைத் தானே எடுத்து, அப்புறம் பேசுறேன் என்று சொல்லி அணைத்தாள். எங்கள் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். கொடுவா முள்ளை ஒரு தட்டில் ஒதுக்கிக்கொண்டு பின்பக்கம் துலக்கப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தட்டு துலக்கும் சத்தம் வெகுநேரம் வரவில்லை.

தம்பி லேப்டாப்பை மூடினான். “அம்மா மீன் சாப்புடுறத கண்டுபுடிக்கவாக்கா என்னைய பஸ் ஏறி வரச் சொன்ன?” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிட்டான். கூரையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

அவன் போன பிறகு, இதில் நான் ஏன் ஏமாற்றப்பட்டவள்போல் உணர்கிறேன், அம்மா ஏன் ஒளிக்க வேண்டும், சாப்பிட வேண்டாம் என்று யார் சொன்னது என்று உள்ளுக்குள் வாதாடிக்கொண்டே துணி மடித்தேன். யார் சொன்னது என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. நான்தான் சொன்னேன்.

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், உறவுக்காரர்களெல்லாம் சேர்ந்து மீன் சமைத்துச் சாப்பிட்ட பந்தி. அம்மா எல்லோருக்கும் கடைசியில் உட்கார்ந்தாள். அத்தை ஒருத்தி குழம்பு வாளியோடு வந்து, அம்மாவுக்கு ஊற்றலாமா என்று பொதுவாகக் கேட்டாள். அம்மாவின் கை சோற்றில் குழி பறித்துத் தயாராக இருந்தது. நான் முந்திக்கொண்டு, அம்மா இனிமேல் சாப்பிட மாட்டாங்க, அப்பாவோடயே விட்டுட்டாங்க என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. துக்கத்தில் எதையாவது பெரிதாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னதும் நாலைந்து பேர் அம்மாவை மரியாதையோடு பார்த்தார்கள். என் கண்ணிலும் நீர் வந்தது. அம்மா என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தக் குழியை விரலாலேயே மூடிவிட்டு, மோர் இருந்தால் ஊற்றுங்கள் என்றாள்.

அம்மாவுக்கு மீன் என்றால் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் எங்களுக்கு முள் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தலையைத் தனக்கு வைத்துக்கொண்டு, அரைமணி நேரம் உறிஞ்சிச் சாப்பிடுவாள். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் மீன் வாங்கிப் போட்டு, அவளைச் சமைக்கச் சொல்லி, அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று அவள் என்னைத்தான் கேட்பாள். ருசி பார்க்கக்கூட நாக்கில் வைத்ததில்லை.

அந்தப் புதன்கிழமை அம்மா கோயிலுக்குப் போகவில்லை. கால் வலி என்றாள். நான் ஆபீஸுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கருக்களாச்சேரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, விசாரிக்கப் போனேனா என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. புத்தி அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

மீன்காரம்மா என்னைப் பார்த்ததும் பின்னால் அம்மா வருகிறாளா என்று எட்டிப் பார்த்தார். வராததில் அவர் முகம் சுருங்கிவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுறாப்புட்டு ஒரு பாத்திரத்தில் மூடி இருந்தது, வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் சொல்லச் சொல்ல, கைக்குழந்தையைத் தட்டுவதுபோல் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டே கேட்டார். ஐந்நூறு ரூபாயைப் பற்றியும் வெட்கமில்லாமல் கேட்டுவிட்டேன்.

“அது தடைக்காலம் பாப்பா. ரெண்டு மாசம் ஒரு போட்டும் கடலுக்குப் போவாதுல்ல. மவனுக்கும் வேல இல்ல, எனக்கும் யாவாரம் இல்ல. அம்மா அப்பவும் வாரா வாரம் வருவாங்க. கருவாட்டுக் கொழம்புதான் வச்சிப் போடுவேன். வேணாம் வேணாம்னாலும் ஐந்நூறு போட்டு வுட்டுட்டுத்தான் எந்திரிப்பாங்க” என்றார்.

ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி வரை. கடற்கரையில் எந்தக் குழந்தையைக் கேட்டிருந்தாலும் அந்தத் தேதிகளைப் பார்த்தவுடன் சொல்லியிருக்கும். கடலுக்கு இத்தனை பக்கத்தில் பிறந்து, வயலைப் பார்த்த வீட்டிலேயே வளர்ந்து, தடைக்காலம் என்றால் மீன் விலை ஏறும் என்பதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் நிறம் போட்டு மிரட்டல் என்று வாசித்தேன்.

கிளம்பும்போது கொல்லைக் கொடியில் ஒரு பச்சைப் புடவை காய்வதைப் பார்த்தேன். அரக்குக் கரை போட்டது. பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டதாக அம்மா சொன்ன புடவை. நான் பார்ப்பதைக் கண்டு மீன்காரம்மா குரலைத் தாழ்த்தினார்.

“கட்டியிருக்க சீலையில கவுச்சி அடிச்சா நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னு இத இங்க வச்சிருக்காங்க. வந்ததும் மாத்திக்குவாங்க. சாப்ட்டுட்டு செத்த நேரம் அந்த ஃபேனுக்குக் கீழ படுத்துத் தூங்குவாங்க பாப்பா. அங்க வீட்டுல பகல்ல தூக்கமே வரதில்லம்பாங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தூக்குவாளியில் புட்டைப் போட்டுக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நானே பரிமாறினேன். அம்மாவின் தட்டில் சுறாப்புட்டை வைத்து, நான் சொன்னது தப்புதாம்மா, பந்தியில் சொன்னதும் தப்பு, ஞாயிற்றுக்கிழமை செய்ததும் தப்பு என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தது பாதிதான் வாயில் வந்தது. அம்மா தூக்குவாளியைப் பார்த்ததும் அது யாருடையது என்று தெரிந்துகொண்டாள். அங்கயும் போயிட்டியா என்று மட்டும் கேட்டாள். புட்டை ஒரு துணுக்கு விடாமல் வழித்து என் தட்டில் வைத்தாள். நீ சாப்புடு, எனக்கு வேண்டாம் என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டாள்.

அம்மாவின் கணக்கைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டேன். சாவியை ரத்து செய்தேன். இழுத்து வைத்திருந்த கோப்பையும் அந்த நாற்பத்து மூன்று வரியையும் அழித்தேன். அழிப்பதை அம்மா பார்க்க வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அதிலும் என் பெருமைதான். தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு அவள் போனில் யாருக்கும் பணம் அனுப்புவதில்லை. மாதம் பிறந்ததும் ஏடிஎம்மில் மொத்தமாக எடுத்துவந்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறாள். புதன்கிழமை பன்னிரண்டரை ஆனால் ஆபீஸில் என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. அம்மா வீட்டில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பச்சைப் புடவையை மீன்காரம்மா துவைத்து மடித்து யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். அது இப்போது எங்கள் பீரோவில் இருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து, முகத்தில் கரித்தூசி போகக் கழுவிவிட்டு உள்ளே வந்தால், அம்மா அடுப்படி வாசலில் வந்து நிற்பாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வாள்.

“பூ இருவது. வெத்தல பாக்கு பதினஞ்சு. காய்காரன்கிட்ட அறுவத்தஞ்சு” என்றாள் முதல் நாள்.

நான் கேட்கவில்லையே அம்மா என்றேன். சொல்லாதே என்று கெஞ்சினேன்.

“நீ கேக்க வேணாம்மா. நானே சொல்லிட்டா உனக்குத் தேடுற வேல மிச்சம்” என்றாள்.

கேலி இல்லை, குத்தல் இல்லை. எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறாள். தினமும் சொல்கிறாள். நான் பையைக் கழற்றாமல் நின்று கேட்கிறேன். நேற்று, கறிவேப்பிலை சும்மாதான் கொடுத்தான், அதற்குக் காசு இல்லை என்று அதையும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.